லண்டன் விசாவுக்கு முன்கூட்டியே ஆஸ்பத்திரிக் காசு: நியாயமா, கொள்ளையா?

கல்லடியான்:
மகளுக்கு இங்கிலாந்தில் ஒரு வருஷ மாஸ்டர்ஸ் கிடைத்திருக்கிறது. விசா விண்ணப்பத்தோடு, அந்த நாட்டு அரச வைத்தியத்துக்கான சுகாதாரக் கட்டணத்தையும் முழுதாகக் கட்டச் சொல்கிறார்கள். மாணவருக்கு வருஷத்துக்கு 776 பவுண்ட் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். திரையில் விழுந்தது 1,164. இன்னும் பிளேனே ஏறாத பிள்ளைக்கு, வராத வருத்தத்துக்குக் காசு! மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கத் துண்டு எடுக்க யாராவது ஐந்து சதம் கேட்கிறார்களா?

கல்முனைக் காக்கா:
படிப்பு முடிந்தும் நாலு மாதம் தங்க விடுகிறார்களே, அதை அரை வருஷமாக எடுத்து, மொத்தம் ஒன்றரை வருஷக் கணக்கு. விசா மறுத்தால் காசு திரும்பி வரும். கிடைத்தால் அந்த நாட்டுக்காரரைப் போலவே ஜிபி என்ற குடும்ப டாக்டரிடமும் போகலாம், ஒபரேஷனும் செய்யலாம். இது கொள்ளையா?

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
வேலைக்குப் போகிறவர்களையும் பாருங்கள் காக்கா. வருஷத்துக்கு 1,035, ஐந்து வருஷ விசா என்றால் 5,175 பவுண்ட், ஒரேயடியாக. பிறகு சம்பளத்திலும் வரி, நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புக் கழிவு. ஒரே ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் கட்டுவதா? 2015இல் தொடங்கும்போது 200தான். டாக்டர், நர்ஸ் போன்ற சுகாதார வேலை விசாவுக்கு விலக்கு. தங்களுக்கு ஆள் தேவை என்றால் மனம் இளகும் போல!

கல்முனைக் காக்கா:
சவூதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள் டீச்சர். அங்கே கம்பனி வேலையென்றால் முதலாளிதான் காப்புறுதி எடுக்க வேண்டும், சட்டம் அப்படி. வீட்டு வேலைக்குப் போனவர்களுக்கு? 2024 ஜூலையில்தான் கட்டாயமாக்கினார்கள். அதுவும் நாலு பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் வீடுகளுக்குத்தான். என் சாச்சி கடைவாய்ப் பல் வீங்கி, பனடோலைப் போட்டுப் போட்டே ஒப்பந்தத்தை முடித்து வந்தவ. காசைக் கட்டிவிட்டு உரிமையோடு போய் நிற்பது, வீட்டுக்காரரின் முகம் பார்த்து நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

வாகரைத் தம்பி:
பல் வைத்தியம் இந்தக் கட்டணத்தில் சேராது, அதற்குத் தனிக் காசு. இங்கிலாந்தில் சீட்டில் எழுதும் மருந்து ஒவ்வொன்றுக்கும் 9.90 பவுண்ட், ஸ்கொட்லாந்து, வேல்ஸ் என்றால் இலவசம். கல்லடி அண்ணன், மகளுக்குப் பல்லைக் காட்டிவிட்டே அனுப்புங்கள்.

கல்லடியான்:
சரி தம்பி. காசைக் கட்டத்தான் போகிறேன், அதற்காக நியாயம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். பட்டமளிப்புக்கு அவட அம்மா போனால் அதற்கும் கட்டுவதா?

கல்முனைக் காக்கா:
விசிட் விசாவுக்கு இந்தக் கட்டணம் இல்லை. ஆனால் அவசரப் பிரிவு வரைதான் இலவசம். வார்டில் மறித்து வைத்தால் செலவின் ஒன்றரை மடங்குக்கு பில் வரும். பயணக் காப்புறுதி இல்லாமல் அனுப்பிவிடாதீர்கள்.

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
ஒன்றரை மடங்கு! இதையும் நியாயம் என்பீர்களா காக்கா?