கேம்பர்வேன் கூரையில் டோம் மாட்டியும் டிவி வரவில்லை, குமுளி பக்கம். உதவி தேவை

ஊர்சுற்றி_கம்பம்
அவசரம். டிராவலர் வண்டியை கேம்பர்வேன் ஆக்கியிருக்கிறேன். கூரையில் டோம் ஆன்டெனா (மூடிக்குள் டிஷ் தானாகச் சுற்றி சாட்டிலைட்டைத் தேடுவது) மாட்டியாச்சு. ஸ்விட்ச் போட்டால் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கிறது, படம் வரவில்லை. இப்போது குமுளியில். வெள்ளிக்கிழமை அப்பா அம்மாவோடு வாகமண் போகிறோம். டிவி இல்லை என்றால் அப்பா வண்டியிலேயே ஏற மாட்டார். எந்த செட் வாங்கலாம்?

டிஷ்காரர்_போடி
என்ன டோம்? எந்த பாக்ஸ்? பாக்ஸ் மெனுவில் சிக்னல் என்று வரும் பக்கத்தில் ஸ்ட்ரெங்த் எவ்வளவு, குவாலிட்டி எவ்வளவு காட்டுகிறது? வண்டி மரத்தடியில் நிற்கிறதா?

இன்வெர்ட்டர்_மணி
பேட்டரிதான், சந்தேகமே வேண்டாம். பாக்ஸிலிருந்து கேபிள் வழியாக எல்.என்.பி.க்கு (டிஷ் முன்னால் இருக்கும் சிக்னல் வாங்கும் தலைக்கு) 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் போக வேண்டும். பேட்டரி இறங்கியிருந்தால் 18 எங்கே வரும்? முதலில் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

டிஷ்காரர்_போடி
18 வரவில்லை என்றால் சில சேனல் வரும், சில வராது. இவருக்கு ஒன்றுமே வரவில்லை மணி.

இன்வெர்ட்டர்_மணி
வண்டி ஓடாமல் நின்றால் எல்லாக் கோளாறும் பேட்டரியில்தான் ஆரம்பிக்கும் அண்ணே.

மலைக்காற்று
டிவி எதற்கு? போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அப்பாவுக்கு யூடியூப் காட்டுங்கள்.

டிஷ்காரர்_போடி
ஏலத்தோட்டத்துக்கு நடுவில் டவர் கிடைக்காமல் நின்று பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

பழைய_ஆன்டெனா
"செட்" என்றால் என்ன? டிஷ்ஷா, பாக்ஸா, டிவியா? இதை எல்லாம் இங்கே பலமுறை எழுதியாயிற்று, தேடிப் படிக்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. இன்னொரு முறை சொல்கிறேன். டிடி ஃப்ரீ டிஷ் ஜிசாட்-15 சாட்டிலைட்டில், அது நிற்கும் தீர்க்கரேகை 93.5 டிகிரி கிழக்கு. சன் டைரக்ட்டும் அதே சாட்டிலைட்டைப் பயன்படுத்துகிறது. டாடா ப்ளே 83, டி2எச் 88, டிஷ் டிவி 95, ஏர்டெல் 108.2. எதைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் கூரையில் ஓட்டை போடுவது எந்த ஊர் வழக்கமோ.

ஊர்சுற்றி_கம்பம்
ஓட்டை போடவில்லை சார், பசை போட்டு ஒட்டியது. டோம் லண்டனில் இருக்கும் மச்சானுடையது, அங்கே அவர் வண்டியில் நன்றாக வேலை செய்ததாம். பாக்ஸ் வீட்டில் கிடந்த ஃப்ரீ டிஷ் பாக்ஸ். ஸ்ட்ரெங்த் 80 பக்கம், குவாலிட்டி 0. மரம் கொஞ்சம் இருக்கிறது.

டிஷ்காரர்_போடி
லண்டன் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் மணியின் பேட்டரி தப்பித்திருக்கும்.

தம்பி, தானாகத் தேடும் டோமுக்குள் சில சாட்டிலைட்டுகளின் விவரத்தைப் பதிந்து வைத்திருப்பார்கள். ஐரோப்பாவில் விற்பது என்றால் பெரும்பாலும் 28.2, 19.2, 13 டிகிரி கிழக்கு. இவை நமக்கு மேற்கே இருக்கின்றன, அவற்றின் கதிரும் ஐரோப்பாவை நோக்கியது. ஜிசாட்-15 அந்தப் பட்டியலில் இல்லை என்றால் அது தேடித் தேடிச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஸ்ட்ரெங்த் 80 என்பதை நம்பாதீர்கள், எல்.என்.பி.க்குக் கரண்ட் போனாலே அந்த எண் ஏறிவிடும். குவாலிட்டிதான் கணக்கு.

வாகமண்ணுக்கு என் யோசனை: 60 செ.மீ. சாதா டிஷ், தரையில் வைக்க முக்காலி, ஆர்ஜி-6 கேபிள் பத்து மீட்டர், சின்ன சாட்டிலைட் ஃபைண்டர். வண்டி நிழலில் நிற்கட்டும், டிஷ்ஷை வெட்டவெளிக்கு இழுத்துக்கொண்டு போகலாம். கூரையில் மாட்டினால் இந்த வசதி கிடையாது.

குமுளியிலிருந்து 93.5 என்றால் திசை வடக்கிலிருந்து 120 டிகிரி, அதாவது கிழக்கிலிருந்து தெற்காக ஒரு முப்பது டிகிரி. போன் காம்பஸை வண்டிப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், இரும்பு இழுக்கும். உயரம் 68 டிகிரி, கிட்டத்தட்ட உச்சி. அதனால் எதிரே மலை இருந்தாலும் பரவாயில்லை, தலைக்கு மேலே இருக்கும் கிளைதான் எதிரி. 68 என்பதால் டிஷ்ஷை வானத்தைப் பார்த்துப் படுக்க வைத்துவிடக் கூடாது. ஆஃப்செட் டிஷ், அதாவது நாம் வாங்கும் சாதா டிஷ், தன் முகம் காட்டும் இடத்துக்கு மேலே இருபது இருபத்தைந்து டிகிரி தள்ளிப் பார்க்கும். முகம் 44 டிகிரி உயரத்தைப் பார்த்திருந்தால் போதும்.

இன்னொன்று, எல்.என்.பி. சாய்வு, அதாவது அதைத் தன் பிடிக்குள் எவ்வளவு திருப்பி வைப்பது என்பது. இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். டெல்லியும் குமுளியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகை, ஆனால் டெல்லியில் உயரம் 52, எல்.என்.பி. சாய்வு 27 டிகிரி வாக்கில். நமக்குக் கணக்குப்படி சாய்வு அறுபதை நெருங்கும். இந்தி வீடியோ பார்த்து அப்படியே வைத்தால் குவாலிட்டி எழும்பாது. எல்.என்.பி.யைக் கழுத்தில் மெல்லத் திருப்பிக்கொண்டே குவாலிட்டியைப் பாருங்கள்.

பழைய_ஆன்டெனா
இதையேதான் நானும் சொன்னேன், சுருக்கமாக.

செங்கோட்டை_டீசல்
டிஷ் கிடக்கட்டும், கூரையில் அந்த டோமோடு கேரளாவுக்குள் போகாதீர்கள். எம்.வி.டி. (மோட்டார் வாகனத் துறை) கண்ணில் பட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, அனுமதி இல்லாத மாற்றம் என்று எழுதிவிடுவார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அதுவும் கேரள வழக்குதான்.

மலைக்காற்று
அது வண்டியின் உடலமைப்பை மாற்றுவது பற்றியது. பசையில் ஒட்டிய ஒரு பெட்டி உடலமைப்பா? கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கே கொள்கை அறிவித்து, 2022-ல் அதே வாகமண்ணில் கேரவன் பார்க் திறந்தது. ஆன்டெனாவுக்கு அபராதம் போடுமா?

செங்கோட்டை_டீசல்
பார்க்கில் நிற்கும் கேரவன் முறையாகப் பதிவான வண்டி. இவருடையது வீட்டில் கட்டியது. ஆர்.சி.யில் கேம்பர்வேன் என்று மாற்றினீர்களா தம்பி?

மலைக்காற்று
ரோட்டில் மூன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஓடும் டூரிஸ்ட் பஸ்ஸை விட்டுவிட்டு இவரைப் பிடிப்பார்களாம்.

செங்கோட்டை_டீசல்
அவர்களையும் பிடிக்கிறார்கள். செய்தி பார்ப்பதில்லையா?

பழைய_ஆன்டெனா
தலைப்பு டிவி பற்றியது.

தேயிலை_வண்டிப்பெரியாறு
நடுவில் ஒரு வார்த்தை. டிஷ் வைக்க இடம் பார்க்க ஒரு வழி உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் காலை பதினொரு மணிக்குச் சூரியன் ஏறக்குறைய அந்த சாட்டிலைட் இருக்கும் திசையில்தான் நிற்கும். அப்போது வெயில் நேராக விழும் இடம் நல்ல இடம். மற்ற மாதங்களில் இது பொருந்தாது. தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலில் வைத்துவிட்டு என்னிடம் கேட்காதீர்கள். அப்புறம் அடைமழையில் எந்த டிஷ் வைத்தாலும் படம் கட்டம் கட்டமாகப் போகும், இந்த டிஷ்கள் வாங்கும் கே.யூ. பேண்ட் அலைவரிசையின் குணம் அது.

மலைக்காற்று
அப்பாவுக்கு என்ன சேனல் வேண்டுமாம்? ஃப்ரீ டிஷ்ஷில் மாசக் காசு கிடையாது, ஆனால் தமிழ் சேனல் கொஞ்சம்தான். சீரியல் என்றால் காசு கட்டும் பாக்ஸ்தான்.

ஊர்சுற்றி_கம்பம்
கம்பத்திலேயே டிஷ்ஷும் முக்காலியும் கிடைத்தது. வாகமண்ணில் படம் வருகிறது. எல்.என்.பி. திருப்பியதும்தான் வந்தது, போடி அண்ணனுக்கு நன்றி. அப்பாவுக்குப் பொதிகை போதுமாம், 2024-லிலேயே டிடி தமிழ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். மழை வருகிறது, அப்புறம் எழுதுகிறேன்.

செங்கோட்டை_டீசல்
ஆர்.சி.?

இன்வெர்ட்டர்_மணி
பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது?

புதியவர்_நெடுங்கண்டம்
வணக்கம். அந்த லண்டன் டோமை விற்கிறீர்களா? என் வேனுக்கு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

டிஷ்காரர்_போடி
தம்பி, மேலே படியுங்கள்.