அப்பாவின் கரி கிரில்: சட்டம் துருப்பிடித்துக் கிடக்கிறது, காப்பாற்ற முடியுமா?

முத்துநகர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். வீடு தூத்துக்குடியில், கடலிலிருந்து நடந்து போகிற தூரம். 1996-ல் அப்பா ஒரு வெல்டிங் பட்டறையில் பக்கத்திலேயே நின்று சொல்லிச் சொல்லிச் செய்து வாங்கிய கரி கிரில் ஒன்று எங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், பெட்டி நல்ல கனமான 3 மி.மீ. தகடு, சட்டமும் நாலு கால்களும் ஒரு இஞ்ச் ஆங்கிள் (‘L’ வடிவ இரும்பு), அடியில் கரிமூட்டை வைக்க ஒரு தட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் விளமீனோ சீலாவோ வாங்கி வந்து கீறி மசாலா தடவி அப்பாதான் சுடுவார், வேறு யாரையும் கிட்ட விட மாட்டார். அவர் தவறி ஆறு வருஷம் ஆகிறது. அன்றைக்குத் தார்ப்பாய் போட்டு மூடியதுதான், அப்புறம் யாரும் திறக்கவில்லை.

போன வாரம் திறந்தேன். கால்களின் அடிப்பக்கம் அப்பளம் பொரிந்த மாதிரி இருக்கிறது, விரலால் நெருடினால் செதில் செதிலாக உதிர்கிறது. ஒரு காலில் ஸ்க்ரூ டிரைவர் முனை அப்படியே உள்ளே போய்விட்டது. பெட்டியைச் சட்டத்தோடு பிணைத்த போல்ட்டுகளில் எது தலை எது துரு என்றே தெரியவில்லை. பெட்டி பரவாயில்லை என்றுதான் தோன்றுகிறது, ஆனால் உள்ளே மூலையில் அவர் கடைசியாகச் சுட்ட அன்றைய சாம்பல் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது.

சுரண்டிவிட்டு ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்தால் போதும் என்கிறார் மாமா. போதுமா? எதை வெட்டுவது, எதை வைத்துக்கொள்வது? மேலே இருக்கும் ஜாலி பழையது அல்ல, இடையில் யாரோ மாற்றிப் போட்ட ஜி.ஐ. வலை. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? புதிது வாங்கும் யோசனை எனக்கு இல்லை.

ராயபுரம் பிரியன்:

நண்பா, உங்கள் மனசு புரிகிறது, ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போகிற கால்மேல் நெருப்புப் பெட்டியை நிறுத்தக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் நினைத்தே பார்க்க வேண்டாம். நானும் கடலோரம்தான், எங்கள் மாடியில் இருந்த ஒரு ஸ்டாண்டை இரண்டு தடவை சுரண்டிப் பெயிண்ட் அடித்தும் மூன்றாவது மழைக்கு அது சரிந்தது, நல்ல வேளையாக மேலே பூந்தொட்டிதான் இருந்தது. பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு சட்டத்தை எடைக்குப் போட்டுவிட்டுப் புது ஆங்கிளில் அடித்துவிடுங்கள். பழைய சட்டத்தைச் சுத்தம் செய்கிற கூலியில் புதுச் சட்டமே வந்துவிடும்.

பட்டறைக்காரன்:

தம்பி, காலைப் பற்றி ராயபுரத்துக்காரர் சொல்வது சரி. சட்டம் முழுவதையும் எடைக்குப் போடச் சொல்வதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். துருவைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு உப்பும், அரை மில்லி இரும்பு போயிருந்தாலே பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். அதே சமயம் மேலே பெயிண்ட் வழவழவென்று இருக்கிற இடத்தில் உள்ளே ஒன்றுமே இருக்காது.

ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக் காலின் அடியிலிருந்து மேல்நோக்கி இரண்டு இஞ்சுக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று பேசும். உளுத்த இடம் ‘தப்’ என்று அமுங்கும். சத்தம் மாறுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்கும் ஒரு இஞ்ச் மேலே வெட்டுங்கள். மெலிந்த இரும்பில் வெல்டிங் ராடு வைத்தால் ஒட்டாது, ஓட்டைதான் விழும். என் கணக்குப்படி நாலு காலிலும் அடியில் அரையடிதான் போயிருக்கும், ஏனென்றால் மாடியில் தேங்குகிற தண்ணீரில் நிற்பது அந்த அரையடிதான். அதற்கு 25×25×3 ஆங்கிள் வாங்குங்கள், மீட்டருக்குச் சுமார் 1.1 கிலோதான் வரும், மொத்தமாக ஒரு மீட்டர் கூடத் தேவைப்படாது. 6013 ராடு, 2.5 மி.மீ. போதும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் இரண்டு இஞ்சுக்கு இரண்டு இஞ்ச் கனமான தகடு வைத்துப் பற்றவைத்துவிட்டால் ஆங்கிளின் வெட்டுவாய் இனி ஈரத்தில் நிற்காது.

பெட்டியைச் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைக்கச் சொன்னால் விடாதீர்கள், பட்டறையில் சுலபத்துக்காக அப்படிச் செய்துவிடுவார்கள். ஒரு மீட்டர் இரும்பு 300 டிகிரி சூடு ஏறினால் மூன்றரை மில்லிக்கு மேல் நீளும். பெட்டி நீளும், கீழே இருக்கிற சட்டம் நீளாது, அப்போது ஒன்று பெட்டி முறுக்கிக்கொள்ளும், இல்லை என்றால் வெல்டிங் விடும். ஒரு பக்கம் சாதாரணத் துளை, மறுபக்கம் நீளவாட்டில் துளை போட்டு போல்ட் மாட்டுங்கள். பழைய போல்ட்டுகளோடு மல்லுக்கட்டாமல் தலையை ஏஜி ஃபோரில் (கையில் பிடிக்கிற கிரைண்டர் மிஷின்) வெட்டி எடுங்கள். டீசல் ஊற்றி ஊறவைத்திருந்தால் அந்தப் பக்கம் பொறியே படக் கூடாது, சொல்லிவிட்டேன்.

இனி உங்கள் மாமா சொன்ன ரெட் ஆக்சைடு. காலுக்கு அடிக்கலாம். பெட்டிக்கும் அதைத் தாங்குகிற மேல் சட்டத்துக்கும் அடித்தால் முதல் நெருப்பிலேயே பொரிந்து உரியும், புகையும் நாறும். அங்கே சைலன்சருக்கு அடிக்கிற சிலிக்கான் பெயிண்ட், 600 டிகிரி தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நேராக வெறும் இரும்பின்மேல் மெல்லிசாக இரண்டு கோட். பெட்டியின் உள்பக்கத்துக்கு எந்தப் பெயிண்டும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, கடலோரத்தில் முக்கால்வாசிப் பேர் விடுவது இதைத்தான். துருவைச் சுரண்டியதும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். துருவின் குழிகளுக்குள் உப்பு உட்கார்ந்திருக்கும். அதை வைத்துக்கொண்டே பெயிண்ட் அடித்தால் பெயிண்டுக்கு அடியில் துரு ஓடிக்கொண்டே இருக்கும். ராயபுரத்துக்காரர் ஸ்டாண்டு சரிந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கழுவியதும் வெயிலில் காயவைத்து அன்றைக்கே முதல் கோட் அடித்துவிடுங்கள், ஒரு ராத்திரி விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும்.

அடுப்படி அக்கா:

தம்பி, ஜாலியைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஜி.ஐ. வலைமேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 420 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும், கனிந்த கரி அதைவிடச் சூடு. மீன்சாறும் எலுமிச்சைப் புளிப்பும் படுகிற இடத்தில் அது வேண்டவே வேண்டாம். பழைய ஃபிரிட்ஜ் தட்டை எடுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதன் முலாம் என்ன என்று யாருக்குமே தெரியாது, அதுவும் வேண்டாம். 304 என்கிற துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பி, 6 மி.மீ., விரல் அகல இடைவெளி விட்டு அடிக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் செலவாகும், ஆனால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்னொன்று, ஜாலியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். பிரஷ்ஷின் கம்பி ஒன்று முறிந்து மீனில் ஒட்டி, சாப்பிட்டவர் தொண்டையில் குத்திய கதை எங்கள் தெருவிலேயே நடந்தது. சூடாக இருக்கும்போதே பாதி வெங்காயத்தைக் கரண்டியில் குத்தித் தேயுங்கள், அப்புறம் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. உள்பக்கத்துக்கு நல்லெண்ணெய் இல்லை என்றால் கடலை எண்ணெய் லேசாகத் தடவி நெருப்பு மூட்டுங்கள், தோசைக்கல் பழக்குவது போலத்தான். வண்டி எண்ணெய் தடவச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

முத்துநகர்வாசி:

அண்ணாச்சி, அக்கா, ரொம்ப நன்றி. பிரியன் அண்ணனுக்கும் நன்றி, நீங்கள் பயமுறுத்தியதால்தான் பொறுமையாகத் தட்டிப் பார்த்தேன். மூன்று கால்கள் அடியில் ஐந்து இஞ்ச் வரைக்கும் ‘தப்’ என்றன, ஒரு கால் ஒன்பது இஞ்ச் வரைக்கும். மேல் சட்டம் நாலு பக்கமும் ‘ணங்’ என்றுதான் கேட்டது, பெட்டியும் அப்படியே. அடித்தட்டு மட்டும் மொத்தமாகப் போய்விட்டது.

ஒரு சந்தேகம். கால்களில் பழைய பச்சைப் பெயிண்ட் இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூச்சு. கிரைண்டரில் மாட்டுகிற கம்பி கப் பிரஷ் போட்டு எடுத்துவிடலாமா?

பட்டறைக்காரன்:

நில்லுங்கள் தம்பி, அதை மிஷினில் தொடாதீர்கள். ஆரஞ்சு என்றால் செந்தூரமாக இருக்கலாம், அது ஈயம். பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான், அதுவும் வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டுகளுக்கு. 1996 பெயிண்ட் என்றால் பச்சையிலும் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். பெயிண்ட் ரிமூவர் தடவி ஊறவைத்துச் சுரண்டுங்கள், மிச்சத்தைத் தண்ணீர் உப்புத்தாளால் ஈரமாகவே தேயுங்கள். தூசி பறக்கவே கூடாது. முகக்கவசம் போடுங்கள், கீழே பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள், குழந்தைகளை மாடிக்கு விடாதீர்கள், தேய்த்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள். பெயிண்ட் இல்லாமல் வெறும் துருவாக இருக்கிற இடத்துக்கு மட்டும் கப் பிரஷ், அதற்கும் கண்ணாடி கட்டாயம், அறுந்த கம்பி கண்ணுக்குத்தான் வரும்.

அடித்தட்டைத் தகடாகப் போடாமல் ஃபிளாட்டை (இரும்புப் பட்டையை) இடைவெளி விட்டு அடியுங்கள், தண்ணீர் நிற்காது. அப்புறம் அந்த இறுகிய சாம்பல். அப்பா நினைவாக விட்டு வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஆனால் அதை எடுத்துவிடுங்கள். சாம்பல் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், உங்கள் ஊர்க் காற்றில் உப்பும் சேர்ந்து வரும், மூலைத்தகட்டைத் தின்பது அதுதான். இனிமேல் சுட்ட மறுநாள் காலையில் ஆறிவிட்டதா என்று பார்த்துச் சாம்பலை அள்ளிவிடுங்கள். தார்ப்பாயை இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்து வெளியே வழியில்லாமல் நிற்கும். மேலே ஒரு ஷீட் கூரை போட்டுப் பக்கங்களைத் திறந்து விட்டாலே போதும்.

முத்துநகர்வாசி:

மூன்று வாரம் ஆயிற்று. சாம்பலைத் தேங்காய் ஓட்டால் மெதுவாகச் சுரண்டி எடுத்தேன், ஒரு கைப்பிடி வந்தது, அம்மா அதை முருங்கை மரத்தடியில் போட்டார்கள். அடியில் தகடு ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குழிந்திருந்தது, ஓட்டை இல்லை. கால்கள் ஒட்டியாயிற்று. பட்டறையில் பெட்டியையும் சேர்த்துப் பற்றவைக்கத்தான் பார்த்தார்கள், நான் கூடவே நின்று நீளத்துளை போடவைத்தேன்.

சிலிக்கான் பெயிண்ட் அடித்து ஒரு நாள் காயவிட்டு, மீன் எதுவும் வைக்காமல் கொஞ்சம் தேங்காய் ஓட்டுக் கரி மட்டும் போட்டு ஒரு மணி நேரம் எரியவிட்டேன். முதலில் லேசாகப் புகைந்தது, அப்புறம் நின்றுவிட்டது. பெயிண்ட் எங்கேயும் உரியவில்லை. ஜாலி இன்னும் வரவில்லை, வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு விளமீன் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுப்படி அக்கா:

விளமீனை வைக்கும் முன்னால் கம்பிகள் நன்றாகச் சூடேறட்டும், எண்ணெயைக் கம்பியில் தடவாமல் மீனில் தடவுங்கள், இல்லை என்றால் தோல் ஒட்டிக்கொள்ளும். அம்மாவிடம் முதல் துண்டைக் கொடுங்கள் தம்பி.

ராயபுரம் பிரியன்:

நல்ல தண்ணீரில் கழுவாததுதான் என் தப்பு என்று இப்போது தெரிகிறது, நான் போர் தண்ணீரில்தான் கழுவினேன், எங்கள் பக்கம் அது உப்பு. வேலை முடிந்ததும் கால் ஒட்டிய இடத்தைக் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், மாடியில் இன்னொரு ஸ்டாண்டு இருக்கிறது.