மலையே இல்லாத நம்ம கரையிலிருந்து குகை பார்க்கப் போனவங்க அனுபவம் சொல்லுங்க

கீழக்கரையான்:
துபாயிலிருந்து லீவுக்கு வந்த மச்சான், "ஒங்க பக்கம் பாக்குற மாதிரி குகை, பாதாள அறை எதுவும் இருக்கா?"ன்னு கேட்டான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ராமேஸ்வரத்துலேருந்து சாயல்குடி வரைக்கும் மணலும் பனையும் சீமைக்கருவேலமும்தான். நம்ம பக்கத்து 'பர்வதம்' கந்தமாதன பர்வதமே ஒரு மணல்மேடு.

ஆனா சுரங்கக் கதைக்குக் குறைச்சலே இல்லை. அரண்மனையிலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து கடலுக்குன்னு சின்ன வயசுல கேட்காத கதை இல்லை. நான் நம்புறதில்லை. காரணம் எங்க உம்மம்மா வீட்டு நிலவறை. மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகையைத் தூக்கினா இறங்கலாம். ஆள் குனிஞ்சுதான் நிக்கணும். சுவர் முழுக்கப் பார்லேருந்து (கடலுக்கடியில இருக்குற பவளப்பாறை) எடுத்த கடல்கல்லும் சுண்ணாம்பும். அரிசி மூட்டையும் செம்புச் சாமானும் அங்கேதான் கிடக்கும். ஐப்பசி மழை பிடிச்சுதுன்னா கீழேயிருந்து தண்ணி ஊறி கணுக்காலுக்கு வந்துடும், சாமான் எல்லாம் மேலே ஏறும். ஒரு அறைக்கே இந்தக் கதி. மைல் கணக்குல சுரங்கம் வெட்டினா அது சுரங்கமா இருக்காது, வாய்க்காலா இருக்கும்.

(அந்தக் கல்லை இப்ப யாரும் தொட முடியாது. பவளப்பாறையை வெட்டினா வனத்துறை வழக்குதான். வெட்டி வெட்டித்தானே விலாங்குசல்லித் தீவு தண்ணிக்குள்ள போச்சு.)

மச்சானை எங்கே கூட்டிட்டுப் போகலாம்? போனவங்க சொல்லுங்க.

தொண்டிக்காரன்:
காக்கா (அண்ணே), கண்ணை மூடிக்கிட்டு கீழவளவு போங்க. மேலூர் – திருப்பத்தூர் ரோட்டுல இருக்கு. நாங்க தேவகோட்டை, காரைக்குடி வழியா பஸ்ல போனோம். சுத்திலும் கிரானைட்டுக்காக மலையை வெட்டித் தள்ளியிருக்காங்க, பார்க்கவே வயிறு எரியும். அதுக்கு நடுவுல பஞ்சபாண்டவர் மலை. பாண்டவருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி சமணத் துறவிகள் தங்கின இடம். பெரிய உருண்டைப் பாறை ஒண்ணு முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கும், அதுக்கு அடியிலே வழவழன்னு வெட்டின கல்படுக்கைகள், தலைமாட்டுல சின்ன மேடு. சித்திரை வெயில்லயும் அந்தப் படுக்கை சில்லுன்னு இருந்தது. பாறை நெத்தியிலே நீளமா ஒரு காடி வெட்டியிருக்காங்க. மழைத்தண்ணி உள்ளே வழியாம அந்த விளிம்போட வெளியே சொட்டிடும். அதோட வேலை மழையில பார்த்தாத்தான் தெரியும்னு அங்கே ஆடு மேய்ச்ச பெரியவர் சொன்னார்.

நான் போனதுக்குக் காரணமே அந்தக் காடி பக்கத்துல இருக்குற தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு. தலைகீழா, வலமிருந்து இடமா வெட்டியிருக்கு. ஏன் அப்படின்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. படிச்சவங்க அதை "உபாசகன் தொண்டிலவோன் கொடுத்த பள்ளி"ன்னு வாசிக்கிறாங்க. தொண்டியைச் சேர்ந்த அடியார் ஒருத்தர் செஞ்சு கொடுத்த இருப்பிடம்னு பொருள். நம்ம தொண்டி! சேரநாட்டுலயும் ஒரு தொண்டி இருந்துச்சு, சங்கப்பாட்டுல அதுக்குத்தான் பேரு அதிகம், அதுனால சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பாண்டியநாட்டுக் குகைக்குப் பாண்டியநாட்டுத் துறைமுகத்து ஆள் காசு கொடுத்திருப்பான்கிறதுதான் எனக்குப் பொருத்தமாப் படுது. பக்கத்து ஊர்க்காரங்க "எந்த ஊரு தம்பி?"ன்னு கேட்டப்ப கொஞ்சம் சத்தமாவே தொண்டின்னு சொன்னேன்.

ஒரு விஷயம். உச்சி வெயில்ல போனா எழுத்து கண்ணுக்கே படாது. காலையில சாய்ஞ்ச வெளிச்சத்துல போங்க, அப்பத்தான் கோட்டுல நிழல் விழும். மேலே பாறையில தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கு. அது பின்னாடி காலத்து வேலை, ஒண்ணு ரெண்டுல பழைய சுதையும் வண்ணமும் ஒட்டிக்கிட்டு இருக்கும். படுக்கை மேலேயே பெயிண்ட்ல காதலி பேரை எழுதின மகராசன்களைப் பத்தி நான் எதுவும் சொல்லலை.

சேதுச்சீமை:
பாதாள அறைன்னு கேட்டீங்களே, திருமயம் போங்க. புதுக்கோட்டை மாவட்டம்னாலும் அது நம்ம கோட்டைதான். 1687-இல் கிழவன் சேதுபதி காலத்துல கட்டினது. ராமநாதபுரத்தைத் தலைநகராக்கினவரும் அவர்தான். ஊமையன் கோட்டைன்னு சொன்னாத்தான் அந்தப் பக்கம் வழி காட்டுவாங்க.

மலை ஏறுற வழியிலே பாறையோட ஒட்டினாப்பல ஒரு அறை, வெடிமருந்துக் கிடங்குன்னு சொல்றாங்க. கொஞ்சம் தள்ளிப் பாறையிலே உயரத்துல குடைஞ்ச ஒரு சின்னச் சிவன் அறை, இரும்பு ஏணி வச்சிருக்காங்க. ரெண்டும் எட்டிப் பார்க்கிற தூரம். மருந்து வச்ச இடத்துக்குப் பக்கத்துல சாமி எப்படின்னு என் பையன் கேட்டான். சாமிதான் முதல்ல வந்தார், கோட்டை அப்புறம் வந்ததுன்னேன். அடிவாரத்துல குடைவரைக் கோயில் ரெண்டு, சத்தியகிரீஸ்வரரும் பள்ளிகொண்ட பெருமாளும். பெருமாள் சந்நிதியிலே நிதானமா நில்லுங்க. கண் இருட்டுக்குப் பழகினாத்தான் பின்சுவர்ல உள்ள உருவங்கள் ஒவ்வொண்ணா வெளியே வரும். மத்தியானம் நடை சாத்திடுவாங்க.

வாலிநோக்கம் உப்பளத்தான்:
தொண்டி அண்ணன் சொன்னதைப் படிச்சதும் எழுதத் தோணுச்சு. அழகர்மலைக் குகைக்குக் கிடாரிப்பட்டி பக்கமா ஏறணும். அங்கே குகைக்குக் காசு கொடுத்தவங்க பேரு கல்வெட்டுல வரிசையா இருக்கு. கொழு வணிகன் (கலப்பைக் கொழு விக்கிறவன்), பணித வணிகன் (வெல்லப்பாகு விக்கிறவன்னு சொல்றாங்க), அதுல ஒருத்தன் உப்பு வணிகன். பாத்தியில உப்பு வாருற குடும்பம் எங்களது. ராஜா பேரு இருந்தா நான் இவ்வளவு நேரம் நின்னிருக்க மாட்டேன். உப்பு எந்தக் கரையிலேருந்து போச்சோ தெரியாது, வித்த காசு பாறையிலே நிக்குது. ஏத்தம் கடுமை, செருப்பு வழுக்கும், அவ்வளவுதான்.

பாம்பன் வாடை:
எல்லாரும் நல்லதையே சொல்றீங்க. நாங்க சித்தன்னவாசல் போனது வைகாசியில. ஏழடிப்பட்டம்கிற சமணர் படுக்கைக் குகைக்குப் பாறை மேல ஏறி, அந்தப் பக்கம் இறங்கி ஓரமா நடக்கணும். கம்பி பிடிச்சா கை பொசுங்குது. என் சம்சாரம் பாதியிலேயே உட்கார்ந்துட்டா. உள்ளே பதினேழு படுக்கை, கம்பிக் கதவு வழியாத்தான் பார்த்தோம். கீழே அறிவர் கோயில்ங்கிற சமணக் குடைவரையில தாமரைக்குள ஓவியம் மங்கித்தான் போச்சு, ஆனா பூப்பறிக்கிறவர் கையும் அந்த யானையும் மீனும் இன்னும் தெரியுது. உள் அறையில காவலாளி "ம்ம்ம்"னு முனகச் சொன்னார். முனகினதும் அறை முழுக்க அதிருது. கடல்ல இன்ஜின் ஓடுற சத்தம் மாதிரி நெஞ்சுல கேட்டுச்சு.

கீழக்கரை காக்காவுக்கு: புரட்டாசியில போங்க, ஐப்பசி மழைக்கு முந்தி. மலைத்தேனீ இருக்கிற பாறைக்குக் கீழே சத்தம் வேண்டாம், புகை வேண்டவே வேண்டாம், சென்ட் பூசிக்கிட்டும் போகாதீங்க. துபாய் மச்சான்கிட்ட முதல்ல அதைச் சொல்லுங்க.

கீழக்கரையான்:
சென்ட் இல்லாம அவன் வாசப்படி தாண்ட மாட்டான், பாம்பன் அண்ணே. சரி, முதல்ல கீழவளவு, நேரம் இருந்தா திரும்புறப்ப திருமயம். விடியக்காலை வேன். தொண்டித் தம்பி கூட வந்தா அந்தத் தலைகீழ் எழுத்தைக் காட்டலாம், வழியில தேவகோட்டையில ஏத்திக்கிறோம். ரெண்டு சீட் காலியா இருக்கு.