உதவி: கீட்டனின் ‘த பிளாக்ஸ்மித்’ – என் டிஸ்கில் துரத்தல் காட்சியைக் காணோம், டிஸ்க் போய்விட்டதா?

சனிக்கிழமை_ஷோ:
அவசரம் நண்பர்களே. எங்கள் திரைப்பட வட்டத்தில் இந்தச் சனிக்கிழமை மௌனக் குறும்படங்கள் போடுகிறோம், அதில் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் பிளாக்ஸ்மித்தும் உண்டு. நேற்று ஓட்டிப் பார்த்தால் பின்பாதி வேறு மாதிரி இருக்கிறது. அந்தப் பெரிய உருவம் உள்ள பட்டறைக்காரர் வெளியே தெருவில் கீட்டனைத் துரத்துகிற இடம் இருக்குமே, நான் கண்ணால் பார்த்த காட்சி, அது மொத்தமாக இல்லை. டிஸ்கைத் துடைத்தாயிற்று, வேறு ப்ளேயரிலும் போட்டுப் பார்த்தாயிற்று, அதே கதைதான். கீறல் எதுவும் இல்லை. டிஸ்கில் இருந்து மீட்டெடுக்கிற மென்பொருள் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

வேலு_டாக்கீஸ்:
எந்த டிஸ்க் என்று சொல்லவே இல்லையே. டிவிடியா, ப்ளூரேயா? யார் வெளியிட்டது, எந்த வருடம்? மொத்தம் எத்தனை நிமிடம் ஓடுகிறது? இதெல்லாம் தெரியாமல் எப்படிச் சொல்வது?

பிக்சல்பித்தன்:
இது பால் (PAL, ஐரோப்பிய வீடியோ முறை) வேகப் பிரச்சினை, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இங்கிலாந்து டிவிடி என்றால் நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) ஓட வேண்டியது 25 ஓடும். அதனால் படம் குறைந்துவிடும். ப்ளேயர் அமைப்பில் போய் அமெரிக்க முறையான என்டிஎஸ்சி என்று மாற்றிப் பாருங்கள் ப்ரோ.

மகிழினி:
பிக்சல், 24க்குப் பதில் 25 ஓடினால் 4 சதவீதம்தான் குறையும். 21 நிமிடப் படத்தில் 50 வினாடி மாதிரி வரும். அதுவும் எல்லாக் காட்சியும் கொஞ்சம் வேகமாக ஓடுமே தவிர, ஒரு காட்சி மட்டும் எழுந்து போய்விடாது. ப்ளேயரில் வெளியீட்டை மாற்றினாலும் டிஸ்கில் இல்லாதது வராது.

சனிக்கிழமை, துரத்தலைக் கண்ணால் பார்த்தேன் என்கிறீர்களே, அதை எங்கே பார்த்தீர்கள்? இதே டிஸ்கிலா, வேறு எங்காவதா?

பிக்சல்பித்தன்:
சரி, அப்படியென்றால் லேயர் (டிஸ்கில் படம் பதிந்திருக்கும் அடுக்கு) மாறும் இடம். இரட்டை லேயர் டிவிடியில் முதல் லேயர் முடிந்து அடுத்ததுக்குப் போகும்போது பழைய ப்ளேயர்கள் திணறும். அங்கே ஒரு துண்டு தாவியிருக்கும்.

ரீல்பெட்டி:
பத்து வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்கப் பேசித் தீர்த்த விஷயத்துக்கு லேயர், பால் என்று இங்கே ஆராய்ச்சி நடக்கிறது. பார்க்கவே பரிதாபமாக இருக்கிறது. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அலங்காரத்துக்கு இல்லை. நாலு பேரைக் கூட்டி வைத்துப் படம் காட்டுகிறவர், காட்டும் முன் அந்தப் படத்தைப் பற்றி ஒரு பக்கமாவது படித்திருக்கலாம்.

வேலு_டாக்கீஸ்:
ரீல்பெட்டி சார், விடை தெரிந்தால் சொல்லிவிட்டுத் திட்டலாமே.

சனிக்கிழமை_ஷோ:
டிவிடிதான். கீட்டன் தொகுப்பு. அட்டையில் அவர் அந்தத் தட்டைத் தொப்பியோடு இருப்பார். பழையது வாங்கியது. துரத்தல் பார்த்தது நண்பர் வீட்டில், அவரிடம் ப்ளூரே. ஆபீஸ் போகிறேன், ராத்திரி வருகிறேன்.

மகிழினி:
தட்டைத் தொப்பி இல்லாத கீட்டன் அட்டையைத் தேடுவதுதான் கஷ்டம் :) ஆனால் நண்பரின் ப்ளூரே என்றதும் பாதி விடை கிடைத்துவிட்டது.

க்ராய்டன்_காரன்:
தம்பி, உங்கள் டிஸ்க் நன்றாக இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம். இந்தப் படம் இரண்டு வடிவமாக இருக்கிறது, உங்களிடம் ஒன்று, நண்பரிடம் மற்றது.

பல காலமாக உலகம் பார்த்துவந்தது ஒரு வடிவம். 2013இல் ஆர்ஜென்டினாவின் சேகரிப்பாளர், திரைப்பட வரலாற்றாளர் பெர்னாண்டோ மார்ட்டின் பேஞ்யா வேறொரு பிரதியைக் கண்டுபிடித்தார். 2008இல் மெட்ரோபோலிஸ் படத்தின் தொலைந்த பகுதிகள் புவனஸ் அயர்ஸில் கிடைத்ததே, அதிலும் இருந்தவர் இவர்தான். இந்தப் பிரதியில் பின்பாதி வேறு, நீங்கள் சொல்லும் வெளிப்புறத் துரத்தல் அதில்தான் வருகிறது. முதலில் ஏதோ கழித்துப்போட்ட துண்டுகளை ஒட்டியது என்று நினைத்தவர்களும் உண்டு. பிறகு ஆராய்ந்தவர்கள் சேர்த்த ஆதாரங்களின்படி, படத்தை எடுத்து முடித்து நியூயார்க்கில் முன்னோட்டமாக ஒரு காட்சியும் போட்ட பின், சில மாதம் கழித்துக் கீட்டன் திரும்பப் போய் நிறைய இடங்களை மறுபடி எடுத்திருக்கிறார். ஆக நாம் இத்தனை காலம் பார்த்தது முன்னோட்ட வடிவம், புதிதாகக் கிடைத்ததுதான் அவர் பொதுத் திரையிடலுக்கு அனுப்ப நினைத்த இறுதி வடிவம் என்பது இப்போதைய முடிவு.

அதனால் 2013க்கு முன் வந்த எந்த டிஸ்கிலும் அந்தத் துரத்தலைத் தேடாதீர்கள். என்னிடம் இருப்பது இங்கிலாந்தில் யுரேகாவின் மாஸ்டர்ஸ் ஆப் சினிமா வரிசையில் 2016இல் வந்த ப்ளூரே. அதில் கூடுதல் பகுதிகள் பட்டியலுக்குள் இந்த வடிவம் தனியாக இருக்கிறது, அதுவரை யாரும் பார்க்காத 4 நிமிடக் காட்சிகள் உண்டு என்று போட்டிருக்கிறார்கள். படப் பட்டியலில் இருக்கும் பிளாக்ஸ்மித்தை அழுத்தினால் பழையதுதான் ஓடும்.

ரீல்பெட்டி:
க்ராய்டன் சொன்னது சரி, ஆனால் அரைகுறை. வெளியீடுகளை வரிசையாகச் சொன்னால்தான் அடுத்தவன் வந்து இதே கேள்வியைக் கேட்க மாட்டான். அமெரிக்காவில் கினோ நிறுவனத்தின் பழைய டிவிடி வரிசையில் பிளாக்ஸ்மித் தனியாக வரவில்லை, ‘காலேஜ்’ முழுநீளப் படத்தோடு, எலெக்ட்ரிக் ஹவுஸ், ஹார்ட் லக் இரண்டுக்கும் பக்கத்தில் வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் 2006இல் மாஸ்டர்ஸ் ஆப் சினிமா கீட்டன் குறும்படங்களை 4 டிவிடிப் பெட்டியாகப் போட்டது. 2011இல் கினோ ப்ளூரேயாக 1920 முதல் 1923 வரையிலான 19 குறும்படங்களைக் கொண்டுவந்தது. இவை எல்லாமே கண்டுபிடிப்புக்கு முன். 2016இல் கினோ லார்பர் (அதே கினோதான்), நகைச்சுவை நடிகர் ஆர்பக்கிளோடு கீட்டன் நடித்தவற்றையும் சேர்த்து 32 படங்களை 5 டிஸ்கில் போட்டது. அதற்கு மூலம் பாரிஸின் லாப்ஸ்டர் பில்ம்ஸ் செய்த மீட்டெடுப்பு. இன்னொன்று: பழைய டிவிடி எதைத் திரையில் போட்டாலும் துணியைத் துவைத்துப் பிழிந்த மாதிரி இருக்கும். கூட்டத்துக்குக் காட்டுவதென்றால் புதிய மீட்டெடுப்பைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

பிக்சல்பித்தன்:
என் டிவிடியில் கீட்டன் ஓடும்போது பின்னால் நிழல் மாதிரி இன்னொரு கீட்டன் வருகிறார், அதுவும் வடிவ வித்தியாசமா? :)

மகிழினி:
அது சட்டகங்களைக் கலந்ததால் வருவது. மௌனப் படங்களுக்கு ஒரே நிலையான வேகம் கிடையாது, கேமராவைக் கையால் சுற்றினார்கள். 24ஐ விட மெதுவான வேகத்தில் டிஸ்கில் ஏற்ற வேண்டும் என்றால் இடையில் சட்டகங்களைத் திரும்பப் போட்டோ கலந்தோதான் நிரப்ப வேண்டும். கலந்தால் இப்படிப் பேய் வரும். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் வேகக் கொள்கை கொஞ்சம் வேலை செய்கிறது, சந்தோஷமா?

வேலு_டாக்கீஸ்:
எனக்கு ஒரு சந்தேகம். இறுதி வடிவம் அதுவென்றால் ஏன் அதைக் கூடுதல் பகுதியில் தள்ளியிருக்கிறார்கள்? அதைத்தானே படமாகப் போட வேண்டும்? சனிக்கிழமை நண்பரும் புதியதையே காட்டட்டும் என்பேன்.

க்ராய்டன்_காரன்:
கிடைத்த பிரதியின் தரமும் ஒரு காரணமாக இருக்கலாம் அண்ணே. எனக்குக் கேட்டால் பழையதைத்தான் போடச் சொல்வேன். குதிரைக்கு லாடம் அடிக்கக் கதாநாயகி வர்ஜீனியா பாக்ஸ் வெள்ளைக் குதிரையைக் கொண்டுவருவார், கீட்டன் செருப்புக்கடைப் பையன் போலப் பெட்டி பெட்டியாக எடுத்துக் குதிரைக்குக் காட்டுவார், ஒன்று பிடிக்கவில்லை என்றால் அடுத்தது. குதிரையின் முகபாவத்துக்கே காசு கொடுக்கலாம். அப்புறம் அந்த வெள்ளைக் கார். பழைய வண்டி ஒன்றை அக்கறையாகப் பழுது பார்த்துக்கொண்டே பக்கத்தில் நிற்கிற புத்தம்புது வெள்ளைக் காரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னாபின்னமாக்குவார், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஞானப்பழம்:
அந்தக் கார் ரோல்ஸ் ராய்ஸ். மாமனார் வீட்டில் கல்யாணப் பரிசாகக் கொடுத்தது! 1921இல் நடாலி டால்மட்ஜைக் கட்டினார் இல்லையா, அந்தக் குடும்பத்தின் மேல் இருந்த கோபத்தைக் காரின் மேல் காட்டிவிட்டார். இந்தப் படத்தின் மொத்த ரகசியமே அதுதான்.

ரீல்பெட்டி:
ஆரம்பித்துவிட்டார்கள். ஆதாரம்?

ஞானப்பழம்:
எல்லோரும் சொல்வதுதான் சார். படத்துக்குத் தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க், அவர் மனைவி நார்மா டால்மட்ஜ், நடாலியின் அக்கா. சம்பளம் கொடுப்பவரே சகலை. இதைவிட என்ன வேண்டும்?

ரீல்பெட்டி:
சகலை என்பதற்கு ஆதாரம் கொடுத்தீர்கள். கார் பரிசு என்பதற்கு எங்கே? கல்யாணம் 1921 மே கடைசியில், படம் வெளியானது 1922 ஜூலையில். இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் ஒரு கதையைச் செருகி அதற்குக் கோபம், பழிவாங்கல் என்று பூ வைத்துப் பொட்டு வைத்து உலவ விட்டிருக்கிறார்கள்.

மகிழினி:
கார் யார் கொடுத்ததோ, எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை. முதல் இரண்டு அடிக்குச் சிரிப்பேன், அப்புறம் ஐயோ பாவம் என்று ஆகிவிடும். வேலையைத் தெரியாமல் கெடுப்பது கீட்டனின் வழக்கம், ஆனால் இங்கே நீளமாகப் போகிறது. நியூயார்க்கில் பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், அதனால்தான் வெளியே ஓடுகிற துரத்தல் எடுக்கப் போயிருக்கிறார் என்பது என் ஊகம். ஊகம்தான், ரீல்பெட்டி சார் ஆதாரம் கேட்க வேண்டாம்.

வேலு_டாக்கீஸ்:
மகிழினி சொல்வது மனசுக்குப் படுகிறது. பட்டறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிற படம் அது. அதற்கு முன்னால் அதே வருடம் மார்ச்சில் வந்த ‘காப்ஸ்’ஸில் ஊர்ப் போலீஸ் முழுக்கத் தெருவில் அவரைத் துரத்துகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இது சப்பென்றுதான் இருக்கும்.

க்ராய்டன்_காரன்:
சப்பென்றா? அண்ணே, தொடக்கத்தையே பாருங்கள். அமெரிக்கக் கவிஞர் லாங்பெல்லோவின் கவிதை வரியைப் போட்டு, படர்ந்த செஸ்ட்நட் மரத்தடியில் ஊர்க் கொல்லன் நிற்கிறான் என்று பில்டப் கொடுத்துவிட்டு ஒரு பனை இன மரத்தடியில் கீட்டனை நிறுத்தியிருப்பார்கள். படம் எடுத்த இடம் கலிபோர்னியா என்று அவர்களே கிண்டல் செய்கிறார்கள். கூட இயக்கியவர் மால் செயின்ட் கிளேர், ‘த கோட்’ படத்தையும் அவரோடு சேர்ந்து செய்தவர். அப்புறம் பட்டறை வாசலுக்கு மேலே தொங்குகிற பெரிய காந்தம், அது போலீஸ்காரரின் பேட்ஜையே பிடுங்கிக்கொண்டு போகும். பட்டறைக்காரராக வரும் ஜோ ராபர்ட்ஸ் மாதிரி மலை போன்ற ஆள் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்தவன் சப்பென்று சொல்ல மாட்டான்.

ஞானப்பழம்:
கோட் பெட்டரா பிளாக்ஸ்மித் பெட்டரா என்று தனி இழை போடலாமா?

ரீல்பெட்டி:
போடுங்கள், எல்லோரும் அங்கே போங்கள். இங்கே கேட்டவருக்கு இன்னும் உருப்படியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நண்பரின் ப்ளூரே இங்கிலாந்துப் பதிப்பு என்றால் பின்னட்டையில் மண்டலக் குறியை, அதாவது எந்த நாட்டு ப்ளேயரில் ஓடும் என்று காட்டும் எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பி என்று இருந்தால் இந்தியாவில் விற்கிற ப்ளேயர் சி மண்டலம், அது ஓட்டாது. நண்பர் வீட்டில் ஓடுகிறது என்றால் அவருடைய ப்ளேயரையும் சேர்த்துத் தூக்கி வருவதே புத்திசாலித்தனம். அரங்கில் கூட்டத்தை உட்கார வைத்துவிட்டு ‘இந்த டிஸ்கை இயக்க முடியாது’ என்று திரையில் எழுத்து வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

வேலு_டாக்கீஸ்:
இதைத்தான் சார் முதல் பதிலிலேயே சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை_ஷோ:
கிடைத்துவிட்டது, எக்ஸ்ட்ராஸில் இருந்தது. பி தான் போட்டிருக்கிறது, ப்ளேயரோடு வாங்கிக்கொண்டேன். இரண்டையும் அடுத்தடுத்துப் போடப் போகிறோம். எல்லோருக்கும் நன்றி.

மகிழினி:
அருமை. எதை முதலில் போடுகிறீர்கள்? பழையது முதலில் வந்தால் துரத்தல் வரும்போது கூட்டத்துக்கு அது தெரியும்.

க்ராய்டன்_காரன்:
தம்பி, ஒரு விஷயம். 1922 படம், படத்துக்கு உரிமைப் பிரச்சினை இல்லை. ஆனால் டிஸ்கில் இருக்கும் இசை புதிதாகப் போட்டது, அதற்கு உரிமை உண்டு. திரையிடலைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுகிற எண்ணம் இருந்தால் ஒலியை அடைத்துவிட்டு யாரையாவது கீபோர்டு வாசிக்கச் சொல்லுங்கள். யாராவது இருக்கிறார்களா?

பிக்சல்பித்தன்:
ப்ரொஜெக்டர் எந்த மாடல் என்று சொன்னால் புதுப்பிப்பு வேகம் என்ன வைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

பிக்சல்பித்தன்:
ப்ரோ?

ரீல்பெட்டி:
அவர் போய்விட்டார். காந்தத்துக்கும் பேய்க்கும் நடுவில் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.