புதுப்பிப்பு: "வலி" என்று கையால் சொன்னாள்

எட்டு மாத மகளுக்குச் சைகை பழக்கினால் அழுகைக்குக் காரணம் புரியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது அவளுக்கு 11 மாதம்.

முதல் ஆறு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் 'இன்னும் வேண்டும்' என்ற சைகை வந்தது. விரல் நுனிகளைக் குவித்துத் தட்டவேண்டும். அவள் உள்ளங்கையையே தட்டினாள். அதுவே போதும், திருத்தாதீர்கள்.

உணர்ச்சிகள்தான் கடினம். பாலைக் காட்டலாம், பயத்தை எப்படிக் காட்டுவது? அவள் பயந்த அந்த நொடியிலேயே முகம் பார்த்து, வாயாலும் சொல்லி, சைகை செய்தோம். போன வாரம் நள்ளிரவில் அழுதுகொண்டே இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒன்றையொன்று நோக்கி நீட்டிக் கன்னத்தருகே கொண்டுபோனாள். வலி! ஈறைத் தடவினேன், புதுப் பல் விரலில் தட்டியது. தூக்கி அணைத்துக்கொண்டேன், எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பேச்சு தாமதமாகுமோ என்று சிலர் கவலைப்பட்டிருந்தீர்கள். உளவியலாளர்கள் சூசன் குட்வின், லிண்டா அக்ரிடோலோ குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில் அப்படிப் பாதிப்பு தெரியவில்லை. சைகை பழக்கினால் மூளை வளரும் என்ற விளம்பரங்களை மட்டும் நான் நம்பவில்லை.

சரி, அடுத்து 'கோபம்' பழக்குகிறோம். இரண்டு நாளாக உன்னிப்பாகப் பார்க்கிறாள், இன்னும் செய்யவில்லை.