புல்லட்டில் மூன்றிலிருந்து இரண்டு விழ மாட்டேன் என்கிறது, கியர் பாக்ஸ் இறக்கித்தான் ஆக வேண்டுமா?

அடிவாரம்_350
அப்பா ஓட்டிய 1984 மாடல் புல்லட் 350. வலது பக்க கியர், மேலே ஒன்று கீழே மூன்று, பிளாட்டினம்கூட (இக்னிஷன் பாயிண்ட்) மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறேன். அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு என்று சேலம் டவுனுக்குள் ஒரு தொந்தரவும் இல்லை. ஏற்காடு ஏறும்போதுதான் மானம் போகிறது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு லீவரைத் தூக்கினால் பாதி நேரம் எதிலும் விழாமல் நடுவில் நிற்கிறது, எஞ்சின் சும்மா கத்துகிறது, பின்னால் பஸ்காரர் ஹாரன். வண்டி சூடானால் நின்ற இடத்தில் நியூட்ரலும் சுலபத்தில் வராது. மெக்கானிக் பாக்ஸை இறக்கி பினியன் செட்டே (உள்ளே இருக்கும் பல் சக்கரங்கள்) மாற்றச் சொல்கிறார். அவசியமா?

பழைய_இரும்பு
அவசரப்படாதீர்கள் தம்பி. கியர் விழாமல் போவது வேறு, விழுந்த கியர் இழுவையில் கழன்று வருவது வேறு. இரண்டாவதாக இருந்தால் உள்ளே டாக் (பினியன்களை ஒன்றோடொன்று பிடிக்கும் முனை) தேய்ந்திருக்கும் அல்லது பினியனை நகர்த்தும் ஃபோர்க் வளைந்திருக்கும், இறக்கித்தான் ஆக வேண்டும். உங்களுடையது முதல் வகை.

சூட்டில் நியூட்ரல் வரவில்லை என்றால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம், அதை முதலில் பாருங்கள். கேபிள் உள்ளே பிரிந்திருக்கிறதா, லீவரில் லூஸ் அதிகமா, அப்புறம் இடது பக்க செயின் கேஸைத் திறந்து கிளட்சைப் பிடித்தபடி கிக்கரை மெல்ல மிதித்தால் பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் வெளித் தட்டு) கோணாமல் சுற்ற வேண்டும். கோணினால் ஸ்பிரிங்கெல்லாம் ஒரே உயரம்தானா என்று பாருங்கள்.

இது சரியாகி, அப்போதும் இரண்டு விழாவிட்டால் வலது பக்கம் கிக்கர், கியர் லீவர் இரண்டையும் கழற்றி வெளி மூடியை எடுங்கள். ராச்செட்டுக்குப் (லீவர் அசைவில் கியரை ஒவ்வொன்றாக நகர்த்தும் பல் அமைப்பு) பக்கத்தில் இரண்டு போல்ட்டில் ஒரு தட்டு இருக்கும், அதன் துளைகள் நீள்வாக்கில் இருப்பதால் நகர்த்தலாம். லீவர் மேலேயும் கீழேயும் எவ்வளவு தூரம் ஓடிப் பிடிக்கிறது என்பதை அந்தத் தட்டுதான் முடிவு செய்கிறது. கழற்றுவதற்கு முன் பழைய இடத்தில் ஒரு கோடு கீறி வையுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வர வழி தெரியாது. பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே எல்லா கியரும் போட்டுப் பாருங்கள். ராச்செட் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், பெரிய விலை கிடையாது.

காபித்தோட்டம்
அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் இந்த பாக்ஸ் நிதானமானது, இப்போதைய வண்டி மாதிரி தட்டிவிட்டுக் காலை எடுத்தால் ஏமாற்றும். லீவரை முழுசாகத் தூக்கி, கிளட்ச் விடும்வரை காலை எடுக்காமல் பிடியுங்கள். நடுவில் ஒரு சின்ன ஆக்சிலேட்டர். வளைவுக்குள் போய் மாற்றக் கூடாது, முன்னாலேயே இரண்டில் வந்துவிட வேண்டும். இங்கே ஏற்காட்டில் காலைக் குளிரில் கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொள்ளும், கிளட்சைப் பிடித்து கிக்கரை மிதித்து விலக்கிய பிறகுதான் நான் ஸ்டார்ட்டே செய்வேன்.

செவ்வாய்ப்பேட்டை_ஸ்பேனர்
பாக்ஸில் என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று யாருமே கேட்கவில்லையே! லீக் நிற்கட்டும் என்று கெட்டி கிரீஸை அடைத்துவிடுவார்கள். பல் சுற்றும் இடத்தில் கிரீஸ் ஒதுங்கிக் குழியாகிவிடும், பிறகு பல்லுக்கு ஒன்றும் கிடைக்காது. நான் 90 கியர் ஆயிலோடு கொஞ்சம் கிரீஸ் கலந்துதான் விடுகிறேன். வெறும் ஆயில் என்றால் ஒழுகும், வீட்டில் திட்டு விழும்.

குதிகாலில் இருக்கும் நியூட்ரல் லீவரைக் கிளட்ச் பிடிக்காமல் மிதிக்காதீர்கள். ஒன்றில் இருக்கும்போது அது வேலையும் செய்யாது.

அடிவாரம்_350
கேபிள் உள்ளே பாதி இழை அறுந்திருந்தது, மாற்றியதும் நியூட்ரல் வழிக்கு வந்தது. தட்டையும் நகர்த்தினேன், மூன்றிலிருந்து இரண்டு இப்போது பழுதில்லாமல் விழுகிறது. ஆனால் இரண்டிலிருந்து மூன்று போடும்போது சில சமயம் நடுவில் தொங்குகிறது, இது முன்பு இல்லை.

பழைய_இரும்பு
தட்டை அதிகம் நகர்த்திவிட்டீர்கள். கீறிய கோட்டைப் பார்த்து அரை நூல் அளவு மட்டும் பழைய பக்கம் திருப்பி வையுங்கள். போல்ட்டை இறுக்கும்போது தட்டு கூடவே நகரும், கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். மூடியைப் போடும் முன் மறுபடி நாலு கியரும் பார்த்துவிடுங்கள், பினியன் செட்டுக்கு இப்போது செலவு வேண்டாம்.