புதுப்பிப்பு: பழைய மர லேத்தையே வாங்கினேன்

மரத்தைச் சுழற்றிக் கடையும் பழைய வார்ப்பிரும்பு இயந்திரமான லேத்தை வாங்குவதா, ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைக்கும் புதிய, குமிழைத் திருகியே வேகத்தை மாற்றக்கூடிய சிறிய லேத்தை வாங்குவதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பழையதையே வாங்கிவிட்டேன்.

பதிலளித்தவர்கள் வலியுறுத்தியபடி, பணம் கொடுக்கும் முன் மரத்தை இருபுறமும் பிடிக்கும் கூர்முனைகளை நெருக்கிப் பார்த்தேன். அவை நேராகச் சந்தித்தன. சுழல்தண்டைக் கையால் சுற்றியபோது கரகரப்பு கேட்டதால், பேரிங்குகளைப் பிறகு மாற்றினேன்.

என் முடிவைத் தீர்மானித்தது எடைதான். கிண்ணம் கடைவதற்காக ஏற்றும் கரடுமுரடான கட்டை சமநிலையின்றிச் சுழலும்போது எழும் அதிர்வைக் கனத்த வார்ப்பிரும்பு உள்வாங்கிக்கொள்வதால், உளி துள்ளாமல் மரத்தில் நிற்கிறது. இதற்கு முழு ஈடாக எதையும் இலகுவான இயந்திரத்தில் பின்னர் சேர்ப்பது கடினம். வேகக் கட்டுப்பாட்டையோ சேர்க்கலாம். மூன்று ஃபேஸ் மோட்டாரையும், மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி என்ற கருவியையும் பொருத்தி, வீட்டிலுள்ள 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ் மின்சாரத்திலேயே அதைப் பெற்றுவிட்டேன்.

இப்படிச் செய்ய விரும்புவோர் பெல்ட் கப்பிகளை அகற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மிகக் குறைந்த அதிர்வெண்ணில் மோட்டாரின் திறன் குறைவதோடு, அதன் தண்டிலேயே உள்ள விசிறியும் மெதுவாகச் சுழல்வதால் சூடு ஏறும். ஆகவே பெரிய கிண்ணங்களுக்குக் கப்பியை மாற்றி வேகத்தைக் குறைப்பதே சரி. விஎஃப்டி பின்னோக்கிச் சுழற்றும் வசதியையும் தருகிறது. ஆனால் சுழல்தண்டின் மரையில் திருகிய சக் (மரத்தைப் பற்றும் பிடிப்பான்) அப்போது கழன்று பறக்கக்கூடும் என்பதால், பூட்டுத் திருகு இல்லாமல் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

சுழல்தண்டின் பழைய மரை, சந்தையில் பரவலாகக் கிடைக்கும் சக்குகளுக்குப் பொருந்தவில்லை; அதற்கான அடாப்டரைப் பட்டறையில் கடைந்து தரச் சொல்லியிருக்கிறேன்.